ஆறு புள்ளிகளின் ஆசான் லூயி பிரெயில்

தொல்காப்பியர் தம் நூலின் முதல் அதிகாரத்தையே எழுத்துக்கு உரியதாக வகுத்தார். அவ்வதிகாரத்தை இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நடத்திவரும் எனக்கு, எழுத்தென்பது கண்ணால் மட்டும் காணப்படுவதன்று என்னும் உண்மையைக் கற்பித்தவர் என் மாணவர் ஒருவர். அவர் உடுமலைப்பேட்டைப் பகுதியிலிருந்து இளங்கலைத் தமிழ் இலக்கியம் பயில வந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். அகமதிப்பீட்டுத் தேர்வொன்றில் அவர் சொல்லச் சொல்ல, வணிகவியல் முதலாண்டு மாணவர் ஒருவர் விடை எழுதினார். விடைத்தாளில் லகர ளகர ழகரங்கள் இடம் மாறிக் கிடந்தன. ரகரமும் றகரமும் ஒன்றன் இருக்கையில் மற்றொன்று அமர்ந்திருந்தன. தமிழ் பயில்வோர் இப்படி எழுதலாமா என்னும் சினத்தில், பன்னிரண்டு சொற்களைச் சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

மறுநாள் அவர் ஆசிரியர் அறைக்கு வந்தார். அப்பிழைகள் தம்முடையன அல்ல என்று வாதிடவில்லை. சுழிக்கப்பட்ட சொற்கள் எவை என்று மட்டும் கேட்டறிந்தார். பையிலிருந்து ஒரு சட்டத்தையும் சிறிய ஆணி ஒன்றையும் எடுத்தார். தடித்த தாளில் அப்பன்னிரண்டு சொற்களையும் குத்தி முடித்து, என் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார். தமிழில் ஆய்வுப் பட்டம் பெற்றவன், தமிழில் எழுதப்பட்ட ஒரு தாளைப் படிக்கத் தெரியாமல் அமர்ந்திருந்தேன். அத்தாளைப் படிக்க முயன்றபோது அறிந்துகொண்டதே பின்வரும் வரலாறு.

பார்வையற்றோர் கல்வி பெறுதல் நம் நாட்டில் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டினரான அந்தகக்கவி வீரராகவ முதலியார், பிறரைத் தம் முதுகில் எழுதச் செய்து எழுத்தின் வடிவங்களை உணர்ந்தார் என்பர். நம் கொங்கு நாட்டை ஒட்டிய பழனியில் 1836இல் தோன்றிய மாம்பழக் கவிச்சிங்க நாவலர், மூன்றாம் வயதில் அம்மை நோயால் கண்ணொளி இழந்தவர். சேதுபதியின் அவையில் சிறந்து விளங்கிய அப்பெரும்புலவர் பிறர் படிக்கக் கேட்டே கற்றார். பிறர் எழுதச் சொல்லியே பாடினார். கேட்டதைக் கேட்டவாறே மனத்தில் இருத்தும் பேராற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. அத்தகைய நினைவாற்றல் வாய்க்காதவர் என்ன செய்திருப்பர்? அவர்களைப் பற்றி இலக்கிய வரலாறு பேசுவதில்லை.

அரபு உலகிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்துள்ளது. பதினான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியரான ஸஃபதீ, கண்ணற்ற சான்றோரின் வரலாறுகளை ஒரு தனி நூலாகவே தொகுத்தார். பக்தாதில் வாழ்ந்த ஸைனுத்தீன் அல்-ஆமிதீ என்பாரைப் பற்றி அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அவர் நூல் வணிகமும் செய்தவர். வாங்கிய நூல் ஒவ்வொன்றின் விலைக்கும் உரிய எண்ணெழுத்தைத் தாளை முறுக்கி வடித்து அட்டையின் உட்புறம் ஒட்டி, அதன்மேல் வேறொரு தாளை ஒட்டிவிடுவார். பின்னர் விரலால் தடவி விலையை அறிந்துகொள்வார். விரலுக்கு ஓர் எழுத்து வேண்டும் என்னும் தேவை அன்றே உணரப்பட்டிருந்தது. ஆயினும் அது ஒருவரின் நூலறையோடு நின்றுவிட்டது. அத்தேவையை உலகத்துக்கெல்லாம் பொதுவாக நிறைவேற்றியவர், பிரெஞ்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகன்.

பிறப்பும் இளமையும்

பாரிசு நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவில் கூவ்ரே என்னும் ஊர் உள்ளது. அங்கு 1809ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் லூயி பிரெயில் பிறந்தார். தந்தை சிமோன் ரெனே பிரெயில், தாய் மோனிக். நான்கு மக்களுள் லூயியே இளையவர். தந்தையார் குதிரைகளுக்குச் சேணமும் கடிவாள வாரும் தைத்துப் பிழைத்தவர். கவலை இறைத்த காலத்தில் தோல்பறி தைப்போர் நம் ஊர்களில் எவ்வளவு இன்றியமையாதவராய் இருந்தனரோ, அவ்வளவு இன்றியமையாதவராய் அவர் அவ்வூரில் இருந்தார்.

பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்த மூன்று வயதுச் சிறுவன், தந்தையின் கருவியொன்றை எடுத்துத் தோலில் துளையிட முயன்றான். அது குத்தூசி என்றே பலரும் எழுதுகின்றனர். கருவி நழுவி ஒரு கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்பிடித்தது, நோய் மற்றொரு கண்ணுக்கும் பரவியது. கிருமிகளைப் பற்றியும் அவற்றை அழிக்கும் மருந்துகளைப் பற்றியும் மருத்துவ உலகம் அறிந்திராத காலம் அது. ஐந்து வயதிற்குள் அச்சிறுவனுக்கு இரு கண்களின் ஒளியும் முற்றிலும் மறைந்துவிட்டது.

அவருடைய பெற்றோர் செய்தது எண்ணிப் பார்க்கத்தக்கது. நெப்போலியன் வீழ்ந்த காலம். பகைநாட்டுப் படைகள் கூவ்ரேயில் தங்கி, ஊராரின் உணவையும் உடைமையையும் பறித்து வாழ்ந்தன. அந்நிலையிலும் அவர்கள் மகனை மூலையில் அமர்த்திவிடவில்லை. தந்தை அவனுக்குக் கைத்தடி செய்து கொடுத்தார். பலகையில் ஆணிகளை அடித்து எழுத்து வடிவங்களைத் தொட்டறியச் செய்தார் என்றும் கூறுவர். ஊர்ப் பாதிரியார் பல்லுயி அவனுக்குக் கல்வி சொன்னார். பள்ளி ஆசிரியர் பெஷரே அவனைத் தம் வகுப்பில் பிற பிள்ளைகளோடு அமர்த்திக்கொண்டார். இன்று நாம் ஒருங்கிணைந்த கல்வி என்று பெயரிட்டுப் பேசும் முறையை, அப்பெயர் அறியாமலே அந்த ஊராசிரியர் செய்துவிட்டார். செவி வழியே கேட்டு முன்னணியில் நின்றான் சிறுவன். ஆயினும் பிறர் நூலைத் திறந்து படிக்கத் தொடங்கியவுடன், அவனுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாது போயிற்று.

பாரிசுப் பள்ளி

1819 பிப்ரவரியில், பத்தாம் வயதில், பாரிசிலிருந்த பார்வையற்ற இளையோருக்கான அரச பள்ளியில் லூயி சேர்க்கப்பட்டார். இப்பள்ளியின் தோற்றத்திற்குக் காரணமானவர் வாலந்தேன் அயி. இரந்துண்டு வாழ்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவரைக் கொண்டு தொடங்கி, பார்வையற்றோரும் படிக்க இயலும் என்று உலகுக்கு மெய்ப்பித்தவர் அவர். அச்செயலின் பெருமை குறைத்து மதிக்கற்பாலதன்று. எனினும் அவர் கண்ட முறையில் ஒரு குறை இருந்தது. அச்சிலுள்ள உரோமன் எழுத்துகளையே பெரிதாக்கி, தாளில் மேடாகப் புடைத்தெழச் செய்தார். மாணவர் அவற்றின் வளைவுகளை விரலால் தொடர்ந்து சென்று, இன்ன எழுத்து என்று தேர்ந்து, முந்தைய எழுத்தை மறவாமல் அடுத்ததற்குச் செல்லவேண்டும். நூல்கள் பெரியனவாகவும் கனமானவையாகவும் இருந்தன. எண்ணிக்கையில் மிகச் சிலவே இருந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக, அம்முறையில் மாணவரால் எழுத இயலாது. படிக்க மட்டுமே இயலும்.

இக்குறை எதனால் நேர்ந்தது? கண்ணுடையார் ஒருவர் தமக்குப் பழகிய எழுத்தை விரலுக்கும் கொடுத்தார். விரல் எதை விரும்பும் என்று விரலைக் கேட்கவில்லை. கண் வளைவுகளை ஒரு நோக்கில் வாங்கிக்கொள்ளும். விரல்நுனியோ கோட்டினும் புள்ளியை விரைந்து உணரும்.

பள்ளிக் கட்டடமும் பழையது. ஈரம் கசியும் சுவர்கள். வெளிச்சமும் காற்றும் அரிது. லூயியை இளமையிலேயே பற்றிய காசநோய்க்கு அவ்விடமே காரணம் என்று கருதுவோர் பலர்.

பன்னிரண்டு புள்ளிகளும் ஆறு புள்ளிகளும்

1821இல் சார்ல் பார்பியே என்பவர் தாம் கண்டுபிடித்த முறையொன்றை அப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். போர்க்களத்தில் இரவில் விளக்கின்றிச் செய்தி படிக்கப் படைவீரர்க்காக அவர் அதனை அமைத்தார் என்னும் கதை பாடநூல்கள் வரை பரவியுள்ளது. அண்மைக் காலத்து ஆய்வாளர்கள் அதனை ஐயுறுகின்றனர். எழுத்தறிவு பெற வாய்ப்பில்லாத எளியோர்க்கும் பார்வையற்றோர்க்கும் விரைவாக எழுதும் வழி காண்பதே அவர் நோக்கம் என்பது அவர்தம் கருத்து. கதையை விட்டுவிடுவோம். அவர் முறையில் இரு வரிசைகளில், வரிசைக்கு ஆறாக, பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்தன. முப்பத்தாறு ஒலிகளை அவை குறித்தன. சிறிய ஆணியொன்றால் தாளில் குத்தினால் மறுபுறம் புள்ளி எழும். மாணவர் எழுதவும் இயலும்.

பன்னிரண்டு வயதுச் சிறுவர் லூயி அதன் சிறப்பையும் குறையையும் ஒருங்கே உணர்ந்தார். புள்ளி என்னும் கருத்து அரியது. ஆனால் பன்னிரண்டு புள்ளிகள் ஒரு விரல்நுனியின் கீழ் அடங்குவதில்லை. விரலை மேலும் கீழும் நகர்த்தவேண்டும். அம்முறை ஒலியை மட்டும் குறித்ததால் எழுத்துக்கூட்டலுக்கு இடமில்லை. நிறுத்தக் குறிகள் இல்லை. எண்ணுக்கும் இசைக்கும் வழியில்லை. அறிவு குறைந்தோர்க்கு ஒலி போதும், இலக்கணம் எதற்கு என்னும் எண்ணம் அதனுள் மறைந்திருந்தது. கற்றறிந்த பிரெஞ்சுக்காரன் எழுதும் மொழியையே தாமும் எழுதவேண்டும் என்று விரும்பினார் லூயி.

பள்ளி நேரம் முடிந்த இரவுகளிலும், கூவ்ரேக்குச் சென்ற விடுமுறை நாள்களிலும் தாளும் ஆணியுமாய் அமர்ந்து உழைத்தார். 1824இல், தம் பதினைந்தாம் வயதில், ஒரு முறையை வடித்துவிட்டார். அவர் கண்ணைப் பறித்த குத்தூசிக்கும், அவர் எழுத்துக்குக் கருவியாய் அமைந்த ஆணிக்கும் வடிவில் பெரிய வேறுபாடு இல்லை.

வரிசைக்கு மூன்றாக இரு வரிசைகளில் ஆறே புள்ளிகள். விரல்நுனி ஒருமுறை பட்டவுடன் முழு எழுத்தும் உணரப்படும். இடப்புறத்தில் மேலிருந்து கீழாக ஒன்று, இரண்டு, மூன்று. வலப்புறத்தில் நான்கு, ஐந்து, ஆறு என இவற்றை எண்ணுவர். எவை புடைத்திருக்கும், எவை வெறுமையாய் இருக்கும் என்னும் வேறுபாட்டால் அறுபத்துமூன்று குறிகள் கிடைக்கின்றன. எழுத்துகளையும் அவர் மனம்போனபடி அடுக்கவில்லை. முதற் பத்து எழுத்துகள் மேலுள்ள நான்கு புள்ளிகளால் மட்டும் அமைந்தன. அவற்றோடு மூன்றாம் புள்ளியைச் சேர்த்தால் அடுத்த பத்து. ஆறாம் புள்ளியையும் சேர்த்தால் அதற்கடுத்த வரிசை. பத்தைக் கற்றவர் மற்றவற்றைத் தாமே வருவித்துக்கொள்ளலாம். நன்னூலாரின் சூத்திரச் சுருக்கம் போன்ற அமைப்பு அது.

1829இல் இம்முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். அதில் புள்ளிகளோடு சில கோடுகளும் இருந்தன. விரலுக்குக் கோடு இடர் தருவதைத் தம் அனுபவத்தாலும் தோழர் அனுபவத்தாலும் கண்டு, 1837இல் வந்த இரண்டாம் பதிப்பில் கோடுகளை நீக்கினார். தாம் கண்டதைத் தாமே திருத்திக்கொள்ளும் பண்பு அறிஞர் பலருக்கும் எளிதில் வருவதன்று. அதே ஆண்டில் பிரெஞ்சு நாட்டு வரலாற்றுச் சுருக்கம் ஒன்று இவ்வெழுத்தில் மூன்று தொகுதிகளாகப் பள்ளியில் அச்சிடப்பட்டது.

எழுதும் முறையைப் பற்றி ஈண்டு ஒரு செய்தி. சட்டத்தில் தாளை வைத்துப் பின்புறமிருந்து குத்துவதால், எழுதும்போது வலத்திலிருந்து இடமாகச் செல்லவேண்டும். தாளைத் திருப்பினால் இடத்திலிருந்து வலமாகப் படிக்கலாம். வலத்திலிருந்து எழுதுவது குர்ஆன் மதரசாவில் பயின்ற எனக்குப் பழக்கமானதே என்று முதலில் மகிழ்ந்தேன். இங்கோ ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியில் தோன்றுமாறு புரட்டி எழுதவேண்டும் என்பது பிறகே விளங்கிற்று. அரபு மொழிக்கும் இப்புள்ளி எழுத்து உண்டு. அச்சில் வலத்திலிருந்து இடமாகச் செல்லும் அம்மொழி, புள்ளியில் பிற மொழிகளைப்போலவே இடத்திலிருந்து வலமாகப் படிக்கப்படுகிறது.

ஆசிரியப் பணி

பயின்ற பள்ளியிலேயே லூயி ஆசிரியரானார். இலக்கணம், கணிதம், வரலாறு, நிலநூல், இசை எனப் பல பாடங்களைக் கற்பித்தார். ஆர்கன் வாசிப்பதில் வல்லவராகிப் பாரிசுத் தேவாலயங்களில் இசைப்பணியும் ஆற்றினார். இசைக்குறிகளையும் அதே ஆறு புள்ளிகளால் எழுதும் முறையை வகுத்தார். வருவாய் சிறிது, அதிலும் வறிய மாணவருக்குக் கடன் கொடுத்துவந்தார். இறந்தபின் திறவாமல் எரித்துவிடுமாறு அவர் விட்டுச்சென்ற பெட்டியொன்றில், மாணவர் எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகளே இருந்தன என்று கூறுவர்.

பார்வையற்றோர் தம்முள் எழுதிக்கொள்வது மட்டும் போதாது, பார்வையுள்ள பெற்றோர்க்கும் மடல் எழுதவேண்டுமன்றோ? அதற்காக 1839இல் வேறொரு முறையை வெளியிட்டார். உரோமன் எழுத்தின் வடிவத்தையே புள்ளிகளால் வரையும் முறை அது. ஒவ்வொரு புள்ளியையும் எண்ணிக் குத்துவது கடினமாயிருந்தது. அப்பள்ளியில் பயின்ற பார்வையற்றவரான ஃபூக்கோ என்பார் 1841இல் அதற்கு ஒரு பொறி செய்து தந்தார். கணிப்பொறியோடு இணைந்து புள்ளிகளால் எழுத்தை வரைந்த டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியை நம்மில் பலர் கண்டிருப்போம். அக்கருத்தின் முன்னோடி இரு பார்வையற்றோர் கையில் அன்றே பிறந்துவிட்டது.

தடையும் மீட்சியும்

இவ்வளவு பயனுடைய எழுத்தைப் பள்ளி உடனே ஏற்றுப் போற்றியிருக்கும் என்று எண்ணத் தோன்றும். நிகழ்ந்தது வேறு. தலைவராயிருந்த பிஞ்ஞியே இவ்வெழுத்துக்கு ஆதரவு தந்தவர். 1840இல் அவர் நீக்கப்பட்டு, துஃபோ என்பவர் பொறுப்பேற்றார். புதிய தலைவர் புடைப்பெழுத்து முறையையே திருத்திப் பயன்படுத்த விரும்பினார். பிரெயில் எழுத்து பள்ளியிலிருந்து விலக்கப்பட்டது. பழைய நூல்கள் எரிக்கப்பட்டன என்றும் வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர்.

துஃபோவைக் கொடியவராகக் காட்டுதல் எளிது. ஆனால் அவர் தரப்பில் கூறத்தக்க காரணமும் இருந்தது. பார்வையற்றோர்க்கென ஒரு தனியெழுத்து உண்டானால், அவர்கள் பிறரினின்றும் பிரிந்துபோவர் என்று பார்வையுள்ள ஆசிரியர் பலர் அஞ்சினர். அவ்வச்சத்தின் அடியில் மற்றொன்றும் இருந்தது. ஆசிரியரால் படிக்க இயலாத எழுத்தில் மாணவர் எழுதினால் ஆசிரியரின் நிலை என்ன? இவ்வினா எனக்குப் பிறர் சொல்லி விளங்கவேண்டியதாயில்லை. என் மேசைமேல் அத்தாள் கிடந்த நாள்களில் அதனை நன்கு உணர்ந்தேன்.

மாணவர் அவ்வெழுத்தைக் கைவிடவில்லை. மறைவாக எழுதினர்; மறைவாகவே ஒருவர்க்கொருவர் கற்பித்தனர். துணைத்தலைவர் குவாதே இதனைக் கூர்ந்து நோக்கி, அதன் பயனைத் தலைவருக்கு உணர்த்தினார். பள்ளி புதிய கட்டடத்திற்கு மாறியது. 1844 பிப்ரவரி 22ஆம் நாள் நிகழ்ந்த திறப்பு விழாவில் அவையோர் முன்னிலையில் இவ்வெழுத்து செய்து காட்டப்பட்டது. சொல்லப்பட்டதை ஒரு மாணவர் புள்ளியில் எழுத, அறைக்கு வெளியே நின்ற மற்றொருவர் உள்ளே வந்து தடவிப் படித்தார். அன்று முதல் தடை நீங்கியது. லூயியோ அதற்குள் நோயால் தளர்ந்திருந்தார். 1852 சனவரி 6ஆம் நாள், நாற்பத்து மூன்றாம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாளில், அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். இரண்டாண்டு கழித்து, 1854இல், பிரெஞ்சு நாடு அவ்வெழுத்தை ஏற்றது. 1878இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு அதற்கே முதலிடம் தந்தது. அமெரிக்காவில் மட்டும் பலவகைப் புள்ளி முறைகள் நெடுங்காலம் தம்முள் போரிட்டன. எலன் கெல்லர் அவற்றுள் பலவற்றையும் கற்கவேண்டியதாயிற்று. ஆங்கிலத்துக்கு ஒரே முறை என்னும் உடன்பாடு 1932இல்தான் ஏற்பட்டது.

தமிழுக்கு வந்த வரலாறு

தமிழ்நாட்டில் இவ்வெழுத்து வேரூன்றிய இடங்களுள் பாளையங்கோட்டை முதன்மையானது. 1890இல் அங்கே ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். தமிழுக்குப் புள்ளிகளை அமைக்கும் பணியிலும் ஈடுபட்டார். 1931இல் பூவிருந்தவல்லியில் அரசு பார்வையற்றோர் பள்ளி தோன்றிற்று. அக்காலத்தில் இந்தியாவின் வெவ்வேறு பள்ளிகள் வெவ்வேறு புள்ளி முறைகளைக் கையாண்டன. விடுதலைக்குப் பின், 1951இல், இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் தேராதூனில் மைய பிரெயில் அச்சகம் நிறுவப்பட்டது. க என்னும் ஒலிக்குத் தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒரே புள்ளிகள். கண்ணுடையார் ஒன்பது எழுத்து வடிவங்களைக் கற்கவேண்டிய நாட்டில், விரலால் படிப்போர்க்கு ஒன்றே போதும்.

தமிழாசிரியர் வியந்து நோக்கவேண்டிய அமைப்பு ஒன்று இதில் உண்டு. அச்சுத் தமிழில் கொ என்னும் எழுத்தை எழுதக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டு நடுவில் ககரத்தை வைக்கிறோம். கண்ணுக்கு முன் வருவது ஒலியில் முன் வருவதில்லை. புள்ளி எழுத்தில் முதலில் க, அடுத்து ஒ. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிக்கும் என்று தொல்காப்பியம் கூறும் முறையே அங்கு எழுத்து முறையாகவும் அமைந்துவிட்டது. மெய்யெழுத்துக்கு மட்டும், இது புள்ளி பெற்ற எழுத்து என்பதை விரலுக்கு முன்கூட்டியே உணர்த்தும் குறியொன்று முன்னால் வரும்.

இனி லகர ளகரங்களுக்கு வருவோம். இடப்புறத்து மூன்று புள்ளிகளும் எழுந்தால் அது லகரம். வலப்புறத்து மூன்றும் எழுந்தால் அது ளகரம். ழகரத்துக்கு நான்காம் புள்ளி தவிர ஏனைய ஐந்தும். பேச்சில் மூன்றையும் ஒன்றாக்கிவிடும் நம் நாவைவிட, அவற்றை ஒருபோதும் ஒன்றாக்காத விரல் மேலன்றோ! நான் எழுதப் பழகிய தொடக்கத்தில், திருப்பி எழுதும் முறையில் இடம் வலம் மயங்கி, பள்ளி என்று எழுத எண்ணிப் பல்லி என்று எழுதினேன். அதனைத் தடவிப் பார்த்த மாணவர், தொழப் போகும் பள்ளியா படிக்கப் போகும் பள்ளியா என்று ஐயுறவேண்டிய இடத்தில் சுவரில் ஊரும் பல்லியைக் கொண்டுவந்துவிட்டீர்களே என்று சிரித்தார். சிவப்பு மை அவரிடம் இல்லை.

குரலும் விரலும்

இன்று கணினியும் கைப்பேசியும் எழுத்தைக் குரலாக்கிப் படித்துக் காட்டுகின்றன. என்.வி.டி.ஏ. என்னும் திரைபடிப்பான் மென்பொருளை 2006இல் ஆஸ்திரேலியப் பார்வையற்ற இளைஞர் ஒருவர் உருவாக்கத் தொடங்கினார். மற்றொரு பார்வையற்ற இளைஞர் அவருடன் இணைந்தார். விலையின்றிக் கிடைக்கும் அது தமிழையும் படிக்கிறது. லூயியின் மரபில் வந்த முயற்சி அது என்பதில் ஐயமில்லை. எனவே புள்ளி எழுத்து இனித் தேவையில்லை என்று கற்றோரே கூறக் கேட்கிறேன். தேவையில்லை என்று நாம் கூறுவது நம் பிள்ளைகளைப் பற்றியும் பொருந்துமா? நம் பிள்ளைக்கு வானொலி வாங்கித் தந்துவிட்டு, இனி எழுதப் படிக்க வேண்டா என்று எவரும் சொல்வதில்லை. குரல் பொருளைத் தரும், எழுத்தைத் தராது. பனியும் பணியும், மரமும் மறமும் செவியில் ஒன்றாய் விழுந்துவிடும். மொழியைத் தொழிலாகக் கொள்ளப்போகும் தமிழ் மாணவர்க்கு இஃது உயிர் நிலையான கேள்வி.

சட்டம் இப்போது அவர்கள் பக்கம் நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசின் உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுவனவற்றிலும் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. 2018இல் நடுவணரசு வெளியிட்ட தேர்வு நெறிமுறைகள், பிறரைக் கொண்டு எழுதுவதா, பிரெயிலிலா, கணினியிலா என்னும் தேர்வை மாணவரிடமே விட்டன. மணிக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாத மிகை நேரமும் தந்தன. நம் கோவையில் பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்திலும் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும் சிறப்புக் கல்விக்கென ஆசிரியர்கள் பயிற்றப்படுகின்றனர். உதவி கேட்க நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை.

ஆயினும் நம் கல்லூரி நூலகத்தில் புள்ளி எழுத்தில் ஒரு தொகுதிகூட இல்லை. அச்சில் ஒரு பக்கம் புள்ளியில் இரண்டு மூன்று பக்கங்களாக விரியும், நூல்கள் இடத்தை அடைக்கும், உண்மைதான். துறையின் பழைய ஆண்டுமலர்க் கட்டுகள் அடுக்கியுள்ள சுவரலமாரியைக் காலி செய்தால், பாடத்திட்டத்திலுள்ள இலக்கண நூல்களையாவது வைக்கலாம் என்று அளந்து பார்த்திருக்கிறேன். சட்டமும் ஆணியும் பத்து இணை வாங்க ஆகும் செலவு, இம்மலரின் அட்டைக்கு ஆகும் செலவைவிட மிகுதியாயிராது. ஆட்சிக் குழுப் பெரியோர் பார்வைக்கு இதனை இங்கேயே வைக்கிறேன்.

மாணவர் விட்டுச்சென்ற அத்தாளைக் கண்ணால்தான் படித்தேன். விரல் இன்னும் பழகவில்லை. பன்னிரண்டு சொற்களை எழுத்துக்கூட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பதினொரு சொற்கள் பிழையின்றி இருந்தன. பன்னிரண்டாவதில் றகரம் வரவேண்டிய இடத்தில் ரகரம் வந்திருந்தது. அது எழுதிக் கொடுத்தவர் பிழையன்று, அவர் பிழையே. அதற்குரிய அரை மதிப்பெண்ணை மட்டும் குறைத்து, பட்டியலைத் திருத்தி ஒப்பமிட்டேன்.